அடிமடிப்பில் ஈயம்

திரைச்சீலை காற்றுக்குப் பறக்காமல், மடிப்புக் கலையாமல், நேராகத் தொங்க வேண்டுமானால் அதன் அடிமடிப்பில் ஈயம் வைக்க வேண்டும். பெரிய நாணயம் அளவில், கொஞ்சம் தடியாக, நடுவில் துளையோடு வரும் ஈய வில்லைகள். பெரிய பெரிய ஹோட்டல்களில் படுத்து எழுந்தவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்துவிட்டால் அப்புறம் தைத்தவளுக்கு என்ன மரியாதை? வெளியே தெரியாமல் தைப்பதற்குத்தான் எங்கள் கம்பெனியில் கூலி கொடுத்தார்கள்.

நான் அங்கே துணி வெட்டுகிற மேசையில் நின்றவன். என் எதிர் வீட்டுக்காரி அடிமடிப்புத் தைக்கிறவள். எங்களுக்கெல்லாம் அவள் தையல்காரி. அவளுக்குச் சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் அயர்ன்காரி. அவள் தேய்த்துக் கொடுத்தால் தையல் எங்கே ஓடுகிறது என்று தைத்தவளே தேட வேண்டும், அப்படிக் கை. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், மேலே தகரம், நடுவில் ஒரு சைக்கிளும் ஒரு ஆளும் சேர்ந்து போக முடியாத சந்து. ஒரு வீட்டில் இருமினால் எதிர் வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். இதில் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதை மூடிக்கொண்டு வாழ முடியாத இடம் அது.

நோய் வந்து ஊரை அடைத்தபோது முதலில் காலியானது ஹோட்டல்கள்தான். ஆள் வராத அறைக்குத் திரை எதற்கு? ஒரு மத்தியானம் மிஷின்களுக்கெல்லாம் உறையை மாட்டிவிட்டு, "கூப்பிடறோம், வாங்க" என்றார் மேனேஜர். இன்றுவரை கூப்பிடவில்லை. வீட்டில் வைத்துத் தைக்கக் கொடுத்த கடைசி வேலையில் மிஞ்சிய ஈய வில்லைகள் ஒரு டப்பா நிறையத் தையல்காரி வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன.

தையல்காரியின் புருஷன் ஹோட்டல் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவன். அதுவும் போய், தினம் காலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போய் நிற்பான். பாதி நாள் நின்றதுதான் மிச்சம். அயர்ன்காரிக்குப் புருஷன் எங்கேயோ இருக்கிறான். எங்கே என்று அவளும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. ஆனால் அவள் கெட்டிக்காரி. யாரையோ பிடித்து ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் சில மாதங்கள் அவள் பானையில்தான் இரண்டு வீட்டுக்கும் சோறு வெந்தது. அதை மறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும்.

இரண்டு பேருக்கும் ஒரே வயதில் பெண் பிள்ளைகள். எங்கள் சந்தில் பள்ளிக்கூடம் போகிற வயதில் வேறு பிள்ளைகள் இல்லை. தையல்காரி மகளுக்கு ஊசி என்று பட்டப்பெயர் வைத்ததே அயர்ன்காரிதான். ஒல்லியாக, நீளமாக, எந்தச் சந்திலும் நுழைந்து மறுபக்கம் வந்து நிற்பாள். அயர்ன்காரியின் மகள் தக்காளி, கன்னம் அப்படி. பள்ளிக்கூடத்தை மூடியபோது பாடம் போயிற்றே என்று எங்கள் சந்தில் ஒருவரும் அழவில்லை. மத்தியானச் சாப்பாடு போனதுதான் அடி. இரண்டு கோடை கடந்தபோது தக்காளியின் கன்னம் போய்ப் பெயர் மட்டும் இருந்தது. ஊசி பகலில் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். தையல்காரி எழுப்பி எழுப்பிப் பார்த்தாள். "எழுந்தா பசிக்கும்மா, அதான் தூங்கறேன்" என்று அவள் ஒருநாள் சொன்னதை நான் என் வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.

அப்போதுதான் அளக்க வந்தார்கள். நோய்க்காலத்தில் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு வாடிப் போயிருக்கிறார்கள் என்று வீடுவீடாக அளக்கப் போகிறார்களாம். கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அளக்காமல் துணி வெட்டியவன் இல்லை நான். அளக்கட்டும், அளந்தாலாவது யாருக்காவது உறைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அளக்க வரப்போகும் செய்தியை முதலில் கொண்டுவந்தது அயர்ன்காரி. ஆஸ்பத்திரியில் இருப்பவளாயிற்றே. அன்று தையல்காரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அரிசியைவிடக் கல்தான் அதிகம்.

"ஏண்டி, வியாழக்கிழமை அளவு மேடம் வராங்க, தெரியுமா?"

"வரட்டும்கா. வந்து என்ன பண்ணப் போறாங்க?"

"என்ன பண்ணப் போறாங்களா? எடை மிஷின்ல ஏத்தி நிறுத்துவாங்க. பள்ளிக்கூடம் மூடறதுக்கு முன்னாடி அங்க எடுத்த எடை அவங்க கையில இருக்கு. அதைவிடக் குறைஞ்சிருந்தா அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

அயர்ன்காரி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், நான் என் பீடியைப் பார்த்தேன்.

"பின்தெருவுல அந்த வெல்டிங்காரர் பொண்ண வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்களே, எதுக்குன்னு நினைச்ச?"

"அதோட அம்மா செத்துப்போச்சுன்னுதானேக்கா?"

"அம்மா செத்தா அப்பன் இல்லையா? பிள்ளைக்குச் சோறு போட வக்கில்லாத வீடுன்னு எழுதிட்டாங்கடி. எழுதினா முடிஞ்சது. ஹோம்ல கொண்டுபோய்ச் சேர்த்துடுவாங்க. பெத்தவ போய் வாசல்ல நின்னு பார்த்துட்டு வரலாம், அவ்வளவுதான் உரிமை. நான் அங்கேயே வேலை பார்க்கறவ, எனக்குத் தெரியாதா?"

முறம் அப்படியே நின்றது. "அக்கா, இவ பள்ளிக்கூடத்துல மிஷின்ல நின்னப்ப இருந்ததைவிட இப்ப ரொம்பக் குறைஞ்சிருப்பாக்கா. பாவாடை இடுப்புல நிக்கல."

"அதான் பயமா இருக்கு. பழைய இரும்புக் கடையில போன மாசம் ரெண்டு பிள்ளையையும் தராசுல ஏத்திப் பார்த்தோமே. ரெண்டும் ஒரே எடை காட்டிச்சே."

"அப்ப தக்காளிக்கு என்ன பண்ணப் போறே?"

"நான் உள்ள இருக்கறவ. எனக்குச் சொல்ல ஆள் இருக்கு. உனக்கு யாருடி இருக்கா?"

அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று இன்றுகூட என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தையல்காரி பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். ஊசியின் பழைய கறுப்புப் பாவாடையைப் பிரித்து, அடியில் இன்னொரு பட்டைத் துணி சேர்த்து, மூன்று மடிப்பாக மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் வரிசையாக வில்லைகளை வைத்துத் தைத்தாள். ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமலிருக்க இரண்டு வில்லைக்கு நடுவில் ஒரு குறுக்குத் தையல். பாரம் இடுப்பிலிருந்து இறங்கிவிடாமல் தோளுக்கு இரண்டு பட்டைகள். தகரத்தின் சூட்டில் வியர்வை மூக்கு நுனியிலிருந்து துணியில் சொட்டியது. கம்பெனியில்கூட அவள் அப்படிக் கவனமாகத் தைத்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, பிள்ளையத் திரைச்சீலையா ஆக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"சும்மா இருங்கண்ணே. நேரா நின்னா போதும், எம் பொண்ணு என் வீட்டுல இருப்பா."

"யார் கிளப்பின புரளின்னு விசாரிச்சியா?"

"அக்கா பொய் சொல்லுமா?"

தைத்து முடித்ததும் அடிமடிப்பு வில்லை வில்லையாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அயர்ன்காரி வந்து எடுத்துப் பார்த்தாள். "இப்படிப் போட்டா குருடன்கூடக் கண்டுபிடிப்பான்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கரிப்பெட்டியில் கங்கு போட்டு, ஈரத்துணியை விரித்து, உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை, மறுபடி உள்பக்கம் என்று வெகுநேரம் தேய்த்தாள். ஆவியும் கரிவாசனையும் என் வாசல்வரை வந்தன. கொண்டுவந்து கொடுத்தபோது நான் வாங்கித் தடவிப் பார்த்தேன். கைக்குத்தான் கனம் தெரிந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தையல்காரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூடப் பொறந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்கக்கா" என்றாள். அயர்ன்காரி கையை உருவிக்கொண்டு, "போடி, போய் வேலையப் பாரு" என்றாள்.

வியாழக்கிழமை அளவு மேடம் வந்தாள். சின்னப் பெண். முகத்தில் துணி, அதற்கு மேல் கண்ணாடித் தாள், கையில் உறை. பார்த்தால் அவளுக்கே ஒரு வாய் சோறு கொடுக்கலாம் போலிருந்தது. யாரையும் தொடக்கூடாது என்று அவளுக்கு உத்தரவாம். பிள்ளைகளின் கை எவ்வளவு தடிமன் என்று அளக்கிற நாடா பையிலேயே கிடந்தது. வாசலில் தட்டை மிஷினை வைத்து, "செருப்பக் கழட்டிட்டு ஏறும்மா" என்றாள்.

அடுத்த வீட்டில் தக்காளி மெல்லிய உள்பாவாடை ஒன்றோடு ஏறினாள். எண்ணைப் பார்த்த மேடத்தின் புருவம் சுருங்கியது. "ரொம்பக் குறைஞ்சிருக்கேம்மா" என்றாள். அயர்ன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். தையல்காரி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தன் பிள்ளைப் பயத்தோடு அந்தப் பிள்ளைப் பயமும் சேர்ந்துகொண்டது.

பிறகு ஊசி வந்தாள். பாவாடை ஆடாமல் அசையாமல் தொங்க, காலைத் தரையோடு இழுத்துத் தேய்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி மிஷினில் ஏறினாள். மேடம் எண்ணைப் பார்த்தாள், பழைய எடைக்காகத் தன் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"அம்மா! உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல எடுத்ததைவிடக் கூடியிருக்கா. இவ்வளவு தூரம் சுத்திட்டு வரேன், ஒரு வீட்டுலகூட இப்படி இல்ல. எப்படிம்மா சமாளிச்சீங்க?"

தையல்காரி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கறத வச்சுப் பார்த்துக்கறேன் மேடம்" என்றாள்.

"இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லணும். பொறுப்பான அம்மா இருந்தா எந்தக் கஷ்டத்துலயும் பிள்ளை வாடாது."

வேடிக்கை பார்க்கச் சந்தில் வந்து நின்ற பின்தெருப் பெண்களின் முகம் செத்துவிட்டது. அவர்களெல்லாம் பொறுப்பில்லாதவர்களாகிவிட்டார்களே! மேடம் போனதும் ஊசி அப்படியே படியில் உட்கார்ந்து, "தோள் வலிக்குதும்மா" என்றாள். தையல்காரி பட்டைகளைக் கழற்றி, பதிந்திருந்த சிவப்புத் தடத்தில் ஊதிக்கொண்டே சிரித்தாள். பிழைத்தோம் என்ற சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் ஒருவன் சைக்கிளில் மூடி போட்ட டப்பாவைக் கொண்டுவந்து அயர்ன்காரி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். அவித்த முட்டை, ரொட்டி, பால். தகரத்தில் மழை அடித்து, கதவெல்லாம் சாத்திக் கிடக்கிற நாளில் முட்டை வாசனை எங்கே போகும்? சுவர் இடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்குத்தான் போகும். ஊசி சுவரோரமாகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள்.

"என்னக்கா டப்பா?" என்று தையல்காரி கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியில பெருக்கறவங்களுக்குக் குடுக்கறாங்கடி" என்றாள் அயர்ன்காரி. தையல்காரி நம்பினாள். "நல்லதுக்கா, தக்காளி கொஞ்சம் தேறட்டும்" என்றுகூடச் சொன்னாள். எனக்கு நாக்கு நமநமத்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு மத்தியானம் இரண்டு பெண்களும் சந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் விளையாட்டு ஊரில் நடப்பதைத்தானே விளையாடும். தக்காளிதான் அளவு மேடம். வாயில் கைக்குட்டை கட்டியிருந்தாள். ஒரு உடைந்த ஓடுதான் மிஷின்.

"ஏறும்மா. காலையில என்ன சாப்பிட்டே?"

"கஞ்சி" என்றாள் ஊசி.

"அப்ப இறங்கு, உனக்குக் கிடையாது."

"ஏன் கிடையாது?"

"சாப்பிட்டுட்டு ஏறினா எடை கூடிடும். எடை கூடினா முட்டை தர மாட்டாங்க. அன்னைக்கு எங்கம்மா எனக்குச் சோறே போடல, தண்ணிகூடக் குடிக்க விடல. குறைஞ்சாத்தான் முட்டை வரும்னாங்க. நீ பாவாடை போட்டுக்கிட்டு வந்து நின்னல்ல, அதான் உனக்கு வரல."

தக்காளி இதைக் கள்ளமில்லாமல், ஆட்டத்தின் விதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். வாசற்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தையல்காரியின் கை நின்றது. சாம்பல் கையோடு எழுந்து அடுத்த வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, வெளிய வா."

அயர்ன்காரி வந்தாள். வந்தவள் தையல்காரியின் முகத்தைப் பார்த்ததும், சந்தில் நின்ற தன் மகளைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எடை குறைஞ்ச பிள்ளைக்குத்தான் அந்தச் சாப்பாடா?"

அயர்ன்காரி கையசைத்துத் தக்காளியை உள்ளே கூப்பிட்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மெதுவாப் பேசுடி."

"எதுக்கு மெதுவா? ஹோம்ல கொண்டுபோயிடுவாங்கன்னியே, யாரைக் கொண்டுபோனாங்க? உம் பொண்ணு குறைஞ்சுதானே நின்னா, கொண்டுபோனாங்களா?"

"ஒரு வரிசை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் சாப்பாடுன்னு அங்க பேசிக்கிட்டாங்கடி. என் காதால கேட்டேன். ரெண்டும் ஒரே எடை. உனக்குப் புருஷன் இருக்கான், நாளைக்கே மார்க்கெட்ல வேலை கிடைச்சா உனக்கு விடியும். எனக்கு யாரு இருக்கா? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். வேற வழி தெரியல."

"என்கிட்ட வந்து சொல்லியிருந்தா? 'ஒண்ணுதான் வரும், என் பொண்ணுக்கு விட்டுக்குடு'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருப்பே. பிள்ளை விஷயத்துல யாரும் விட மாட்டாங்க. நானா இருந்தாலும் விட மாட்டேன்."

"சரி, ஏமாத்திட்டே. போகட்டும். அந்தப் பாவாடைய எதுக்குக்கா தேய்ச்சே? அவ்வளவு நேரம் நின்னு, ஈரத்துணி போட்டு, ஆசையா தேய்ச்சியே. உன் கையப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதேனே. அப்பகூட உனக்கு வாய் வரலையா?"

அயர்ன்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆறு மாசம் உங்களுக்கும் சேர்த்துத்தானேடி சோறு வடிச்சேன்" என்றாள். சொல்லக்கூடாத நேரத்தில் சொன்ன பேச்சு அது.

தையல்காரியின் புருஷன் உள்ளேயிருந்து, "விடு, உள்ள வா. அவங்க சோத்தத் தின்னிருக்கோம்" என்றான்.

"தின்னுட்டோம்ல? இப்ப எம் பொண்ணு வயித்துல இருந்து எடுத்துக்கிட்டாச்சு. கணக்கு நேராயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பத்து வருஷமாகப் பகலில் சாத்தாத கதவு அது.

அதன் பிறகு அவள் ஒன்றையே நம்பியிருந்தாள். முதல் தடவை போகும்போதே, இன்னொரு தடவை அளக்க வருவேன் என்று மேடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வரட்டும், பிள்ளையை உள்ளபடி நிறுத்துகிறேன், எடை குறைந்தது தெரியட்டும், என் பிள்ளைக்கும் டப்பா வரட்டும். "இந்தத் தடவை எந்தத் திருட்டும் வேணாம்ணே. உள்ளது உள்ளபடி" என்று என்னிடம் சொன்னாள். ஊசிக்கு அப்போது முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. உதட்டோரம் வெடித்திருந்தது.

மேடம் வந்த அன்று தூறல். குடையை என் வாசலில் விரித்து வைத்துவிட்டு மிஷினை எடுத்தாள். தக்காளிக்குக் கூடியிருந்தது. "நல்லா வந்திருக்கா" என்று சந்தோஷப்பட்டாள். அடுத்து ஊசி, மெல்லிய கவுனோடு ஏறினாள்.

மேடத்தின் முகம் மாறிவிட்டது. "இறங்கு. மறுபடி ஏறும்மா." ஏறினாள். அதே எண்.

"என்னம்மா இது? போன தடவை இந்தத் தெருவுக்கே இவதான் உதாரணம்னு எழுதினேன். இத்தனை கம்மியா எப்படிப் போகும்? குழந்தைய என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல மேடம். இதுதான் மேடம் இவ எடை."

"வீட்டுல குடிக்கறாங்களா? சாப்பாடு போடாம எங்கயாவது வேலைக்கு அனுப்பறீங்களா? சுத்தி எந்தப் பிள்ளைக்கும் இப்படி இறங்கல. இந்த ஒரு வீட்டுலதான். நான் இதை மேல சொல்லியே ஆகணும். குழந்தைகளப் பார்த்துக்கற ஆபீஸ்ல இருந்து வந்து விசாரிப்பாங்க. அவங்க பார்த்து, இங்க இருக்கறது சரியில்லன்னு நினைச்சா வேற இடத்துல..."

தையல்காரி ஓடிப்போய் ஊசியை மிஷினிலிருந்து இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். எந்தப் பொய்க்குப் பயந்து அந்த ஈயத்தைத் தைத்தாளோ, அந்தப் பொய் இப்போது நிஜமாகி அளவு மேடத்தின் வாயிலிருந்தே வருகிறது. அவள் அடுத்த வாசலைப் பார்த்தாள். அயர்ன்காரி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம்.

அவள் வாய் திறக்கவில்லை என்றானதும் தையல்காரி உள்ளே போனாள். பரணில் உருட்டுகிற சத்தம் கேட்டது. கறுப்புப் பாவாடையைக் கொண்டுவந்து மிஷின்மேல் போட்டாள். ஆள் இல்லாத பாவாடை, எண்ணைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மேடம் குனிந்து அடிமடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அன்று தொடக்கூடாது என்ற உத்தரவெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?" குரல் உடைந்து வந்தது.

"எடை குறைஞ்சா பிள்ளையக் கொண்டுபோயிடுவீங்கன்னு சொன்னாங்க மேடம். இந்த அக்காதான் சொல்லுச்சு. இந்தப் பாவாடையத் தேய்ச்சுக் குடுத்ததும் அதுதான். கேட்டுப் பாருங்க."

மேடம் திரும்பினாள். அயர்ன்காரி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எனக்கென்ன மேடம் தெரியும்? துணி குடுத்தா, தேய்ச்சேன். உள்ள என்ன வச்சுத் தைச்சிருக்கான்னு நான் பிரிச்சா பார்த்தேன்?"

அடிப்பாவி! என்னையறியாமல் நான் எழுந்துவிட்டேன். "மேடம், நான் எதிர் வீடு. இது பொய். தேய்க்கறவளுக்குக் கனம் தெரியாதா?" என்றேன். "நீங்க கொஞ்சம் இருங்கய்யா" என்று மேடம் என்னை அடக்கினாள். தையல்காரி கத்தவில்லை. அடி வாங்கினவள் மாதிரிக்கூட இல்லை. அப்படியா என்று கேட்பவள் மாதிரி அயர்ன்காரியையே பார்த்தாள்.

"ஒரு வரிசைக்கு ஒரு பிள்ளைக்குத்தான் சாப்பாடுன்னு தெரிஞ்சுக்கிட்டு என்னை ஏமாத்திடுச்சு மேடம்" என்றாள் மெதுவாக.

"ஒரு வரிசைக்கு ஒண்ணா? யாரு சொன்னது? அப்படி எந்தக் கணக்கும் கிடையாதே. எடை குறைஞ்ச எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. பக்கத்துச் சந்துல ஒரே வீட்டுல மூணு பேருக்குப் போகுது."

அயர்ன்காரி நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து படியில் உட்கார்ந்தாள். அவள் திருடியது திருட வேண்டியதே இல்லாத பொருள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப இவளையும் சேர்த்துக்கோங்க மேடம். இப்பதான் உள்ள எடை தெரிஞ்சுடுச்சே" என்றாள் தையல்காரி.

மேடம் டேப்லெட்டில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "யாரும் வந்து விசாரிக்க மாட்டாங்கம்மா. அதை நான் பார்த்துக்கறேன். ஆனா சாப்பாடு முதல்ல எடுத்த எடைய வச்சுத்தான். அதை மாத்த முடியாது. எடைய வேணும்னே மாத்திக் காட்டின வீட்ட அளவுல இருந்தே எடுத்துடணும். இல்லன்னா மொத்தக் கணக்கும் தப்பாயிடும். எங்களுக்கு அப்படித்தான்..."

"எடுத்துடறதுன்னா?"

"இந்த வீடு இல்லன்னு வச்சுக்குவோம்."

தையல்காரி தலையாட்டினாள். புரிந்தது என்றா, சரி என்றா என்று தெரியவில்லை. மேடம் தன் பையைத் துழாவி, தன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து ஊசியின் கையில் திணித்துவிட்டு, குடையை மறந்து தூறலில் வேகமாகப் போய்விட்டாள். நல்ல பெண்தான். நல்ல பெண்ணாக இருந்து என்ன செய்ய? என்னால் அவளைத் திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை.

அன்று டப்பா வழக்கம்போல வந்தது. கொஞ்ச நேரத்தில் தக்காளி தட்டோடு தையல்காரி வாசலில் வந்து நின்றாள். தட்டில் முழு முட்டை, ஒரு வாய்கூடக் கடிக்காதது. பின்னால், தன் வாசலில், அயர்ன்காரி முகத்தை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்றாள் தக்காளி.

தையல்காரி உள்ளே உட்கார்ந்து, பாவாடையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வில்லையாக டப்பாவில் விழுந்துகொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை. வாங்கிக்கொள் என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை.

ஊசி எழுந்து வந்தாள். முட்டையைப் பார்த்தாள். பிறகு அவள் தக்காளியையும் பார்க்காமல், அயர்ன்காரியையும் பார்க்காமல், திரும்பித் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு வேணாம். நான்தான் எடை கூடினவளாச்சே."

டப்பாவில் வில்லை விழுகிற சத்தம் நின்றது.